கோதண்டம் தேர்ந்தெடுத்த எண்

கரையான்சாவடி கோதண்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த அறுவை சிகிச்சை ஒன்றே ஆயினும், அதற்குப் பெயர் இரண்டு. தெருவைப் பொறுத்தவரை அது குடலிறக்கம். மருத்துவமனைக் கோப்பைப் பொறுத்தவரை அது புரோஸ்டேட் புற்றுநோய்; சுரப்பி முழுவதுமாக அகற்றப்பட்டது. அறுபத்தொரு வயதில் ஒருவருக்குக் குடல் இறங்கலாம், அதில் மானக்கேடு ஏதும் இல்லை. ஆனால் சிறுநீர்ப்பைக்குக் கீழே, வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் இடத்துக்கு மிக அருகே ஒரு சுரப்பி கெட்டுப்போவது குடும்ப கௌரவத்துக்கு ஒவ்வாது என்று அவர் தீர்மானித்தார். இந்தத் தீர்மானத்துக்கு அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அறுவைக்குச் சம்மதிக்க நான்கு மாதம் பிடித்தது.

நலம் விசாரிக்க வந்தவர்களுள் ஹேமநாதனிடம் மட்டும் சற்றுச் சிரமமாகிவிட்டது. அவர் அடுத்த தெருக்காரர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எவரிடமும் மிச்சமிருக்கும் செய்தியைக் கேட்டு வாங்காமல் படியிறங்க மாட்டார். கோதண்டம் சட்டையை உயர்த்தி அறுவைத் துளைகளின் தழும்புகளைக் காட்டியதும் விரல் நீட்டி எண்ணினார்.

"இன்னா அண்ணாத்தே, அஞ்சு ஓட்ட கீது. என் மச்சானுக்கு ஹெர்னியாவுக்கு மூணுதான போட்டாங்கோ."

"அது சின்ன ஆஸ்பத்திரி நைனா. இது பெருசு."

"பெருசுன்னா ஓட்டையும் ஜாஸ்தியா?"

"எல்லாம் ஜாஸ்திதான்."

அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் சிறுநீர் கசிந்தது. இருமினால் கசியும், சிரித்தால் கசியும், ஆகையால் கோதண்டம் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார், தெருவோ அவருக்குப் பக்குவம் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டது. பெரியவர்களுக்கான டயப்பரை அவர் மனைவி பூங்காவனம் உள்ளூரில் வாங்காமல் குமணன்சாவடி மருந்துக் கடையில் கருப்புப் பையில் வாங்கி வந்தாள். கடைக்காரர் அது அவளுடைய மாமியாருக்கு என்று தாமே முடிவு செய்துகொண்டு, "மாமியார் எப்டிக் கீறாங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். மாமியார் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "அப்டியேதான் கீறாங்க" என்று பூங்காவனம் பதில் சொல்வாள். அதில் பொய் ஏதும் இல்லை.

கோதண்டம் பொய்யர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பூந்தமல்லியைச் சுற்றியிருந்த பூர்வீக வேளாண் குடும்பங்களில் ஒன்றில் பிறந்து, நிலம் மனைகளாக மாறிய பின் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனவர் அவர். லாரி பிரேக்குக்கான சிறு தண்டுகள் செய்யும் பட்டறை அது. அங்கே தர ஆய்வுப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு, தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஆய்வறையில் இரண்டு மைக்ரோமீட்டர்கள் இருந்தன. புதியது சரியானது. பழையது முகம் தேய்ந்தது. தடித்த தண்டையும் மெலிந்ததாகக் காட்டும் கருணை அதற்கு உண்டு. வாரக் கடைசியில் சரக்கு ஏற்றும் லாரி வாசலில் நிற்க, ஒரு கூடைத் தண்டு புதியதில் தேறாமற் போனால், மேற்பார்வையாளர் கதவருகே நின்று, "பழசுல ஒரு தபா பாரேன்" என்பார். கோதண்டம் பழையதில் பார்ப்பார். தண்டு தேறிவிடும். அறிக்கையில் எழுதப்படும் எண், உண்மையாகவே ஒரு கருவி காட்டிய எண்தான். எந்தக் கருவி என்று அறிக்கையில் கேட்கப்படுவதில்லை.

இப்படிப் பழகிய கையில்தான் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை வந்து சேர்ந்தது.

அறுவை செய்த மருத்துவர் இளங்கோ அதைத் தெளிவாகவே விளக்கியிருந்தார். அந்தச் சுரப்பி இருக்கும்வரை இரத்தத்தில் இந்தப் பொருள் இருக்கும். சுரப்பியை எடுத்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாது. எண் மறுபடி ஏறினால், எங்கேயோ மிச்சம் இருந்து வளர்கிறது என்று பொருள். "பாயிண்ட் ரெண்டைத் தாண்டி, அடுத்த டெஸ்ட்டும் அதையே சொன்னா, நோய் திரும்பிடுச்சுன்னு வெச்சுக்குவோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை குடுங்க. ஆனா ஒரே லேப்ல குடுங்க. ஒவ்வொரு லேப் மெஷினும் ஒவ்வொரு மாதிரி காட்டும்." இதைக் கோதண்டம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். இது மருத்துவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றரை ஆண்டுவரை எண் அடங்கியிருந்தது. பின்னர் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் 0.12 என்று வந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்றார் இளங்கோ. மூன்று மாதம் கழித்து அதே கூடத்தில் 0.21. கோதண்டம் அந்தத் தாளை நான்காக மடித்தார். அன்றைக்கே குமணன்சாவடியில் இறங்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில் இன்னொரு முறை இரத்தம் கொடுத்தார். அங்கே 0.15 வந்தது. இளங்கோவின் மேசைக்குப் போனது இரண்டாவது தாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தமையால் மருத்துவர் எண்ணைப் பார்த்தார். தாளின் தலைப்பைப் பார்க்கவில்லை. "மெதுவாத்தான் ஏறுது" என்றார்.

அடுத்த மூன்று மாதத்தில் குமணன்சாவடிக் கூடமும் துரோகம் செய்தது. 0.24. கோதண்டம் மனம் தளராமல் அன்றே நெமிலிச்சேரி வரை சென்றார். இரயில் நிலையத்துக்கு அருகே அவரை யாரும் அறியாத ஒரு கூடத்தில் 0.17 கிடைத்தது. ஆக, கோப்பில் 0.12, 0.15, 0.17 என்று மூன்று எண்கள் பணிவாக வரிசையில் நின்றன. தேறாத இரண்டு தாள்களும் பீரோவில் மின்கட்டண இரசீதுகளுக்கு நடுவே கிடந்தன.

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். முகம் மலர்ந்தார். "ரொம்ப நல்லா இருக்கு சார். இப்ப ரேடியேஷன் அது இதுன்னு அவசரமே இல்லை. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

கோதண்டம் ஆறு மாதமாக ஏங்கிய சொற்கள் இவை. இவற்றுக்காகவே நெமிலிச்சேரி வரை போனார். ஆயினும் மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கும்போது அவருக்குப் பட்டறை நினைவு வந்தது. முப்பத்தொரு ஆண்டில் பழைய மைக்ரோமீட்டரில் தேறிய தண்டுகள் எத்தனையோ லாரிகளில் ஏறிப் போயிருந்தன. அந்த லாரிகளில் எதிலும் அவர் பயணம் செய்ததில்லை.

வாசலில் இருந்த சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தார். கூட வந்திருந்த பூங்காவனமும் அருகில் உட்கார்ந்தாள்.

"இன்னாயா, நல்ல சேதிதான சொன்னாரு. மூஞ்சி ஏன் இப்டிக் கீது?"

"ஒன்னியும் இல்ல. ஆறு மாசம் டைம் குட்த்துட்டாரு."

"குட்த்தாரா, நீ வாங்கிகினியா?"

கோதண்டம் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு தபாவும் ரெண்டு கையிலயும் பஞ்சு ஒட்டிகினு ஊட்டுக்கு வந்தே. ஒரு கையில ரத்தம் எடுத்தா ஒரு கையிலதான ஒட்டுவாங்கோ. நான் படிக்காதவதான், ரெண்டு வரிக்கும் எண்ணத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே? அதுக்கும் ஹெர்னியான்னு சொல்லியிருப்பே." அவள் புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடை கடையா ஏறி எறங்கி, கம்மியாக் குடு, கம்மியாக் குடுன்னு கேக்கறதுக்கு இன்னா கத்திரிக்காயா வாங்கறே? உள்ள இருக்கறது இருக்கறபடிதான இருக்கும். சொல்லு, மெய்யான நம்பரு எத்தினி?"

அவர் சொன்னார். பாயிண்ட் இரண்டு என்பதன் பொருளையும் சொன்னார். பூங்காவனம் எழுந்து, "வா, உள்ள போலாம்" என்றாள். "டோக்கன் வாங்கணும்" என்றார் கோதண்டம், உயிர் போகும் விஷயத்திலும் வரிசை முறை தவறாதவராய்.

"நீ வரிசையில நில்லு. நான் போறேன்" என்று அவள் நடந்தாள்.

அவள் சொன்னதைக் கேட்டு இளங்கோ கோபப்படவில்லை, கோபப்பட அவருக்கு நேரமில்லை. மூன்று தாள்களின் தலைப்புகளையும் அப்போதுதான் படித்தார். படித்ததும் அவருடைய காதுமடல் சிவந்தது. யாருடைய தவறு பெரிது என்று அவரும் பின்னாலேயே உள்ளே வந்த கோதண்டமும் கணக்கிட்டிருக்க வேண்டும். இருவரும் வெளியில் சொல்லவில்லை. அன்றே மருத்துவமனைக் கூடத்தில் மறுபடி இரத்தம் எடுக்கப்பட்டது. மறுநாள் வந்த எண் 0.36.

அடுத்த வாரம் கதிர்வீச்சு மருத்துவர் ரேஷ்மாவிடம் அனுப்பப்பட்டார்கள். அவர் மருத்துவமனைக் கூடத்தின் மூன்று எண்களை மட்டும் வைத்து ஒரு கோடு வரைந்தார். எண் ஏறக்குறைய நான்கு மாதத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. "ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா ஒண்ணைத் தொட்டிருக்கும்" என்றார். உடல் முழுவதையும் பார்க்கும் ஸ்கேன் ஒன்று எடுத்தார்கள். அதில் எதுவும் தெரியவில்லை. கோதண்டத்தின் முகத்தில் பழைய ஒளி எட்டிப் பார்த்தது.

"அப்போ ஒன்னியும் இல்லன்னுதான மேடம் அர்த்தம்?"

"இல்லைன்னு அர்த்தம் இல்லை சார். ஸ்கேன் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு அது இன்னும் வளரலைன்னு அர்த்தம். இப்போதைக்கு அது நல்ல சேதிதான்."

பிறகு வழிகளைச் சொன்னார். ஒன்று, எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. மிக மெதுவாக எண் ஏறுபவர்களுக்கு அது பொருந்தும், இவருடையது மெதுவானது அன்று. இரண்டாவது, சுரப்பி இருந்த இடத்துக்கு முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய ஏழு வாரம். மூன்றாவது, அந்தக் கதிர்வீச்சோடு ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியை ஆறு மாதத்துக்குச் சேர்த்துக்கொள்வது. எண் 0.5-ஐத் தாண்டுவதற்குள் தொடங்கினால் முழுவதும் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. தாண்டத் தாண்ட அது குறையும். ஆனால் கசிவு திரும்ப வரலாம். மலம் கழிப்பதில் எரிச்சல் வரலாம். ஊசியால் உடம்பில் அனல் அடிக்கும், ஆசை அற்றுப்போகும், காரணமின்றி அழுகை வரும்.

வீட்டில் கோதண்டம் ஒரு முழு நோட்டுப் பக்கத்தில் கோடு கிழித்து, இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை என்று எழுதத் தொடங்கினார். வலப்பக்கம் விரைவாக நிறைந்தது. "கசிவு" என்று எழுதி இரு முறை அடிக்கோடிட்டார். "ஏழு வாரம், தினமும் வெளியே போக வேண்டும், தெருவில் என்ன சொல்வது" என்று எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டார். இடப்பக்கம் "உயிர்" என்ற ஒரே சொல் இருந்தது. அது ஒன்றாகவும் மற்றவை ஒன்பதாகவும் இருந்தபடியால் அவர் குழப்பத்தில் ஆழ்ந்தார்.

பூங்காவனம் அரிசி களைந்துகொண்டே, "அந்த ஊசிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ யோசனை?" என்றாள்.

"அனல் அடிக்குமாம். ராத்திரில வேர்த்து ஊத்துமாம்."

"எனுக்கு அம்பது வயசுல அட்ச்சிச்சே. மூணு வருசம். எந்த டாக்டரு என்னியக் கூப்ட்டு சேர் போட்டு சொன்னாரு? நான் வேர்த்து ஊத்திகினு உக்காந்துகினு இருந்தேன், நீ ஃபேனைக் கொற, குளுருதுன்னே."

கோதண்டம் நோட்டின் வலப்பக்கத்தில் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"அழுகை வருமாம்" என்றார் மெதுவாக.

"வந்தா அழு. ஆறு மாசம்தான. நான் ஒன்னு சொல்றேன், கேளு. கசிஞ்சா நான் தொவைக்கிறேன். அனல் அட்ச்சா ஃபேன் போட்றேன். நீ இல்லன்னா நான் இன்னா பண்றது? அதையும் அந்த நோட்டுல எந்தப் பக்கம்னு பாத்து எழுது."

அவர் எழுதவில்லை. நோட்டை மூடினார். மறுநாள் ரேஷ்மாவிடம் கதிர்வீச்சுக்கும் ஊசிக்கும் சம்மதித்துக் கையெழுத்திட்டார். ஒப்புதல் படிவத்தின் நான்கு பக்கங்களையும் படித்து, மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக் காட்டிய பிறகே இட்டார்.

இனி மிஞ்சியது தெரு. ஏழு வாரத்துக்குத் தாங்கக்கூடிய பொய் ஒன்றை அவர் மூன்று நாள் தேடினார். முதுகுவலிக்குப் பிசியோதெரபி என்பது ஓரளவு நன்றாக இருந்தது. ஆனால் ஹேமநாதனுக்கு முதுகுவலி உண்டு, கூடவே வந்துவிடுவார். மூன்றாம் நாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் ஹேமநாதனே எதிர்ப்பட்டார்.

"இன்னா அண்ணாத்தே, ஆட்டோல ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்குமா ஓடிக்கினே கீறே. ஹெர்னியா திரும்ப எறங்கிட்ச்சா?"

"ஹெர்னியா இல்ல நைனா" என்றார் கோதண்டம். "அப்பவும் இல்ல. கேன்சரு. புரோஸ்டேட்டு. எடுத்தாங்கோ, இப்ப திரும்ப வந்துட்ச்சி. கரண்டு வெக்கப் போறாங்கோ."

ஹேமநாதன் வாயடைத்து நின்றார். அவருடைய பணிக்காலத்திலும் ஓய்வுக்காலத்திலும் அவ்வளவு நீண்ட மௌனம் நிகழ்ந்ததில்லை. பிறகு, "அப்பவே நான் அஞ்சு ஓட்டன்னு சொன்னேன்ல" என்றார். வெற்றியின் சுவை அடங்கியதும் அவருக்கு நண்பரின் நினைவு வந்தது. "பயப்படாத மாமே. திருநின்றவூர்ல ஒர்த்தரு கஷாயம் குடுக்கறாரு. நாப்பத்தெட்டு நாளு. என் சகலையோட முதலாளிக்கு..."

"அந்த முதலாளி இப்ப எங்கக் கீறாரு?"

ஹேமநாதன் சற்று யோசித்தார். "அது விசாரிக்கணும்" என்று ஒப்புக்கொண்டார்.

மாலைக்குள் செய்தி தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தது. தெரு தம்மைக் கேவலமாகப் பார்க்கும் என்று கோதண்டம் இரண்டு ஆண்டுகள் அஞ்சியிருந்தார். தெருவோ அவரைப் பார்க்க வரிசையில் வந்தது. முதலில் இஸ்திரிக் கடைக்கு எதிர்வீட்டு அழகேசன், கேட்டைத் தாண்டி உள்ளே வராமல், தாழ்ந்த குரலில் தன் நண்பர் ஒருவருக்காக விசாரித்தார். அந்த நண்பர் இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதாம். அவர் போனதும் செல்வகுமார் தன் நண்பர் ஒருவருக்காக வந்தார். இருட்டுவதற்குள் மூன்றாவதாக ஹேமநாதனும் வந்தார். அவருக்கும் ஒரு நண்பர் இருந்தார். அறுபதைத் தாண்டிய ஆண்கள் இத்தனை நட்புணர்வோடு ஒரே தெருவில் வாழ்வது கோதண்டத்துக்கு அன்றுதான் தெரிய வந்தது.

"ஃப்ரெண்ட இட்டுகினு போயி டெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றார் மூவரிடமும். "சும்மா பயந்துகினு ஊட்ல குந்தாதேன்னு சொல்லு."

கதிர்வீச்சின் முதல் நாளில் ஒரு விதி சொன்னார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் குடலைத் தொடாமல் போகும். ஆகவே முக்கால் மணி நேரம் முன்பாக அரை லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வர வேண்டும். ஒன்பது மாதம் அடக்கத் தெரியாமல் தவித்த உறுப்பிடம் இதைக் கேட்கிறார்கள். நீண்ட இருக்கையில் ஏற்கெனவே நான்கு ஆண்கள் கால்மேல் கால் இறுக்கிப் போட்டுக்கொண்டு, தேர்வு அறையில் விடை தெரியாத மாணவர்களைப்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இயந்திரம் இருபது நிமிடம் தாமதம் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் இருந்த ஆவடிக்காரர் திரும்பாமலே கேட்டார். "எத்தினியாவது நாளு?"

"மொத நாளு."

"எனுக்கு பதினேழு. தண்ணிய ஒரே மூச்சா குட்ச்சிட்டியா?"

"ஆமா."

"தப்பு பண்ட்டே."

பதினைந்தாம் நிமிடத்தில் கோதண்டம் கண்களை மூடிக்கொண்டார். இருபத்திரண்டாம் நிமிடத்தில் அவருடைய பெயர் அழைக்கப்பட்டது. எழுந்தபோது தொடையில் ஈரம் பரவியது. உள்ளே, இயந்திரத்தை இயக்கும் பெண் கையில் படிவத்தோடு நின்றாள்.

"ப்ளாடர் ஃபுல்லா இருக்கா சார்?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். படுக்கவைத்துவிடுவார்கள், முப்பத்துமூன்றில் ஒரு நாள் கழிந்துவிடும்.

"இருந்துச்சும்மா. எந்திரிக்கச் சொல்லோ கொஞ்சம் போயிட்ச்சி."

"எவ்ளோ போச்சு?"

கோதண்டம் யோசித்தார். "அரை டம்ளர் இருக்கும்" என்றார். பிறகு, "இல்ல, முக்கா டம்ளர்" என்று திருத்தினார்.

அவள் வயிற்றின் மேல் சிறு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "பத்தாது சார். வெளிய உக்காந்து இன்னும் ரெண்டு டம்ளர் குடிங்க. அடுத்தவரை எடுத்துட்டுக் கூப்புட்றேன்" என்றாள்.

கோதண்டம் நனைந்த கால்சட்டையோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஆவடிக்காரர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். எதிரே காத்திருந்த பூங்காவனம் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகி நீட்டினாள்.

"மெள்ளக் குடி" என்றாள்.